கொரைரா அட்டவணை

செப்டம்பர் 2, செவ்வாய்

ஓதத்தை, அதாவது கடல் நீரின் ஏற்ற இறக்கத்தை, கணிக்கும் நிலையத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். பெயர் அழகர்ராஜா, மதுரைப் பக்கம். செருப்பைக் கழற்றி வாசலில் ஜோடியாகத் திருப்பி வைத்தார். நல்ல பழக்கம் உள்ளவர்களிடம் நான் கூடுதல் எச்சரிக்கையாக இருப்பது வழக்கம்.

விஷயம் இது. எங்கள் சிப்பிமுனைத் துறைமுகத்தின் வாயில் ஒரு மணல் திட்டு கிடக்கிறது. சரக்கு ஏற்றிய தோணிகள் கடல் ஏறியிருக்கும் நேரம் பார்த்துத்தான் அதைத் தாண்ட முடியும். எந்நேரம் எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு நிலையம் வெளியிடும் தாளுக்கு ஊரில் கொரைரா அட்டவணை என்று பெயர். கொரைரா என்பது என் கணவர் எட்மண்ட். நிலையத்தின் தலைவராக இருந்தவர், காலமாகி ஆறு வருடம் ஆகிறது. அந்தக் கணக்கைப் போடும் நிரல் எழுபதுகளில் ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் எழுதப்பட்டது.

"ஃபோர்ட்ரானுக்கு இப்ப 2023 தரம்னு புது விதிமுறை வந்திருக்குங்க மேடம். பழைய புரோகிராமை அதுக்கேத்த மாதிரி மாத்தணும். ஆனா சார் உள்ள வச்சிருக்கிற பேரெல்லாம் யாருக்கும் விளங்கல. நீங்களும் அங்க வேலை பார்த்தீங்களாமே."

"மிஸஸ் கொரைரான்னு கூப்பிடுங்க" என்றேன். "நான் கார்டு பஞ்ச் பண்ணினேன். எனக்கு ஒன்னும் தெரியாது."

இது முழுப் பொய் இல்லை. நிரலை வரி வரியாகத் துளையிட்டு இயந்திரத்துக்குக் கொடுக்கும் அந்தக் கார்டுகளையும் நான்தான் பஞ்ச் செய்தேன்.

ஐம்பது வருடம் ஒழுங்காக ஓடிய ஒன்றை இப்போது எதற்கு மாற்ற வேண்டும்? இறந்தவரின் வேலையில் குற்றம் கண்டுபிடித்தால் பதவி உயர்வு கிடைக்கும் போலிருக்கிறது.

சீலா மீனில் நடுத்துண்டு ஒன்று குறைந்தது. சமையலுக்கு வரும் ஞானதீபத்தைக் கேட்டேன். பூனை என்றாள். பூனை வாலை விட்டுவிட்டு நடுத்துண்டாகப் பார்த்து எடுக்குமா என்று கேட்டதற்கு, "இந்த வீட்டுப் பூனைக்கும் வளர்ப்பு அப்படித்தானம்மா" என்கிறாள்.

செப்டம்பர் 4, வியாழன்

அழகர்ராஜா மறுபடியும் வந்தார், இந்த முறை மக்ரூனுடன். தட்டில் கொட்டி வைத்தேன், சாப்பிடவில்லை. மடிக்கணினியைத் திறந்து புதிய தரத்தில் என்னவெல்லாம் சேர்ந்திருக்கிறது என்று காட்டினார். நான் கேட்கவில்லை.

கோணங்களைப் பாகையிலேயே கொடுத்து சைன், கொசைன் வாங்கிக்கொள்ளலாமாம். ஓதக் கணக்கு முழுவதும் கொசைன்தான். ஒவ்வொரு கோணத்தையும் ஒரு நீண்ட தசம எண்ணால் பெருக்கி மாற்றிக்கொண்டே இருப்பது எங்கள் காலத்தில் பாதி வேலை. இப்போது கொடுத்திருக்கிறார்கள். பரிமாறிவிட்டு இலையை எடுத்த பிறகு உப்பு கொண்டுவருவது மாதிரி.

ஒன்றுக்குக் குறைவான எண்ணை அச்சிடும்போது புள்ளிக்கு முன்னால் சுழி வர வேண்டுமா வேண்டாமா என்று இனி நாமே சொல்லலாமாம். முன்பெல்லாம் அது இயந்திரத்தின் விருப்பம். சில இயந்திரங்கள் வெறும் புள்ளியோடு நிறுத்திவிடும். எங்கள் ஊரில் ஓதம் ஒரு மீட்டரைத் தொடுவதே அபூர்வம், எல்லா எண்ணும் புள்ளியில்தான் தொடங்கும். அச்சுத் தாள் அழுக்காக இருந்தால் புள்ளியைத் தேட வேண்டும். இது நல்ல மாற்றம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு வரியில் பத்தாயிரம் எழுத்து வரை எழுதலாம் என்றார். அவ்வளவு நீளத்துக்கு யாருக்கு என்ன சொல்ல இருக்கிறது?

"அரித்மெடிக் இஃப் போயிருச்சுங்க, போன தரத்திலேயே எடுத்துட்டாங்க" என்றார். எதிர்மம், சுழி, நேர்மம் என்று மூன்று வழியாகப் பிரியும் கட்டளை அது. அதற்குப் பதிலாகக் கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் போட்டு ஏதோ வைத்திருக்கிறார்கள். சி மொழியிலிருந்து வந்ததாம்.

"அதில் சுழிக்கு எங்கே போவது? இரண்டு வழிதானே இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கார்டு பஞ்ச் செய்தவள் அதைக் கேட்டிருக்கக் கூடாது.

செப்டம்பர் 5, வெள்ளி

மக்ரூன் நமத்துப் போகும் என்பதால் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மின்விசிறி துடைக்க ஆள் வரவில்லை. அழகர்ராஜா வந்தார், துடைத்தும் கொடுத்தார். உதவி செய்துவிட்டுக் கேள்வி கேட்பது பழைய தந்திரம்.

"மிஸஸ் கொரைரா, இந்த ஆக்னஸ், தெரசா, ரோஸ் இவங்கல்லாம் யாரு?"

நிரலில் எண்களைப் போட்டு வைக்கும் பெட்டிகளுக்குப் பெயர் வேண்டும். அந்தக் காலத்தில் ஆறு ஆங்கில எழுத்துக்கு மேல் கூடாது. இன்னொரு விதியும் உண்டு. பெயரின் முதல் எழுத்து ஆங்கில வரிசையில் ஐ (I) முதல் என் (N) வரை இருந்தால் அந்தப் பெட்டி முழு எண்ணை மட்டும்தான் வைத்துக்கொள்ளும். தசமத்தைக் கொடுத்தால் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டி எறிந்துவிடும், ஒரு வார்த்தை சொல்லாது. மற்ற எழுத்துகளில் தொடங்கும் பெட்டிகள் தசமத்தை அப்படியே வைத்துக்கொள்ளும்.

கான்வென்டில் எங்களுக்கு இருந்த சிஸ்டர்களின் பெயர்கள் அவை. வரிசையில் பிள்ளைகளை எண்ணிய மோனிகா, ஐரீன், லூசி எல்லாம் முழு எண்கள். தையல் வகுப்பில் துணி அளந்த ஆக்னஸ், மருந்து அளந்த ரோஸ் எல்லாம் தசமங்கள். மறக்கவே மறக்காது, குழம்பவும் செய்யாது.

அவரிடம் சுருக்கமாகச் சொன்னேன்: "சிஸ்டர்ஸ் பேரு. என் கணவருக்கு அவங்கமேல மரியாதை."

"சார் படிச்சது ஜில்லா போர்டு ஸ்கூல்னு ஆபீஸ்ல போட்டோ கீழ எழுதியிருக்குங்களே."

"ஜில்லா போர்டு ஸ்கூல்ல படிச்சா சிஸ்டர்களை மதிக்கக் கூடாதா?"

"மதிக்கலாம். சிஸ்டர் ரோஸ் மருந்து அளப்பாங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும்னு யோசிச்சேன். ரோஸ்ங்கிற பேர்ல எப்பவும் ரொம்பச் சின்ன எண்ணுதான் இருக்கு."

நான் மருந்தைப் பற்றி அவரிடம் சொன்னேனா? சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. இனி அவர் இருக்கும்போது நான் பேசுவதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். எதற்காக இப்படி வளைத்து வளைத்துக் கேட்கிறார்? என் கணவரின் பெயரை அந்த அட்டவணையிலிருந்து எடுக்கப் பார்க்கிறார்கள். எடுத்துவிட்டு யார் பெயரைப் போடுவார்கள்?

செப்டம்பர் 12, வெள்ளி

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் வந்தார். முகம் சரியில்லை. உட்காரச் சொன்னேன். தண்ணீர் குடித்தார்.

முதல் எழுத்து விதி இன்னும் மொழியில் இருக்கிறதாம், புதிய தரமும் அதை எடுக்கவில்லை. ஆனால் ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் மேலே ஒரு வரி எழுதி அதை அணைத்துவிட்டு, ஒவ்வொரு பெட்டியும் எந்த வகை என்று தாங்களே அறிவிப்பார்கள். அப்படி அணைத்தவுடன் அறிவிக்காத பெயர்களையெல்லாம் கணினி பட்டியல் போட்டுக் காட்டியிருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"எல்லா சிஸ்டரும் சரியா இருக்காங்க. ஒரே ஒரு ஆள் மட்டும் தப்பான வரிசைல நிக்கிறாங்க. கடல்மட்டம் அளக்கிற அளவுகோலைப் புது ஜெட்டிப் பாலத்துக்கு மாத்தினாங்கல்ல, அதுக்கு ஒரு திருத்தம் சேர்த்திருக்கு. பதினெட்டு சென்டிமீட்டர். மீட்டர்ல எழுதினா புள்ளி ஒன்னு எட்டு. ஆனா பேரு எல்-ல ஆரம்பிக்குது."

முழு எண். புள்ளி ஒன்று எட்டு உள்ளே போய்ச் சுழியாகிவிடும்.

"அன்னைக்கிலேர்ந்து அந்தத் திருத்தம் சேரவே இல்லைங்க. அட்டவணைல எல்லா உயரமும் அவ்வளவு குறைச்சு வருது. குறைச்சுச் சொன்னா எந்தத் தோணியும் தட்டாது, அதனால யாருக்கும் தெரியல."

"என்ன பேரு?" என்றேன்.

"லியோனோர். சிஸ்டர் லியோனோர்னு யாராவது இருந்தாங்களா?"

இல்லை என்றேன். அப்படி ஒரு சிஸ்டர் எங்கள் கான்வென்டில் இருந்ததில்லை.

போகும்போது வாசலில் என் பெயர்ப் பலகை முன்னால் செருப்பை மாட்டச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

செப்டம்பர் 13, சனி

தலைவலி. ஞானதீபத்திடம் கோபித்துக்கொண்டேன். அவள் ஒன்றும் செய்திருக்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

பூசையில் மனம் செல்லவில்லை.

அளவுகோலை மாற்றியபோது நான் நிலையத்தில் இல்லை. எட்மண்ட் தலைவரானதும், மனைவி கணவரின் கீழ் வேலை பார்ப்பது சரிவராது என்றார்கள். அவரும் ஆமாம் என்றார். நான் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த மாதம் அச்சான அட்டவணையின் மேல் அவர் பெயர் இருந்தது. ஊர் அதைக் கொரைரா அட்டவணை என்று கூப்பிடத் தொடங்கியது. நானும் கொரைராதான் என்பதால் அதில் பொய் இல்லை என்று அவர் ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

அந்த மழைக்காலம் முழுவதும் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. யார் பேசவில்லை என்பது இங்கே அவசியமில்லை.

அந்த நேரத்தில்தான், இரவில் வீட்டுக்குக் கொண்டுவந்த தாள்களில், திருத்தத்தைச் சேர்த்திருக்கிறார். அவர் எழுதிய ஒரே வரி அதுதான். பெயர்களை நான் எப்படி வைப்பேன் என்று அவருக்குத் தெரியும், ஏன் அப்படி வைப்பேன் என்று கேட்டதே இல்லை. பெண் பெயர் வேண்டும் என்று மட்டும் புரிந்துகொண்டு என் பெயரை ஆறு எழுத்துக்கு வெட்டிப் போட்டிருக்கிறார். நான் என் பெயரை எந்தக் கணக்கிலும் வைத்ததில்லை. அது அடக்கமில்லாத செயல் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

சமாதானமா, கேலியா, வேறு பெயர் வாயில் வரவில்லையா? எதுவாக இருந்தாலும், அவர் என் பெயரை எழுதினார், இயந்திரம் அதைச் சுழியாக்கியது.

செப்டம்பர் 16, செவ்வாய்

அழகர்ராஜாவை நானே போனில் கூப்பிட்டேன். அவர் ஒரு யோசனையோடு வந்தார்.

"சத்தமில்லாம சரி பண்ணிடறேன் மிஸஸ் கொரைரா. புதுத் தரத்துக்கு மாத்தினதுல உயரம் கொஞ்சம் துல்லியமா வருதுன்னு எழுதிடலாம். அக்டோபர் ஒன்னாம் தேதிலேர்ந்து புது அட்டவணை. சார் பேருக்கு எதுவும் வராது."

கருணை. எனக்குப் பிடிக்காத பொருள். யாருக்காக இவ்வளவு பரிவு என்று யோசித்துக்கொண்டே காபி கலக்கினேன். ஞானதீபம் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு, தன் அண்ணன் சூசைமிக்கேல் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றத் தொடங்கிவிட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சூசைமிக்கேல் தோணித் தண்டல், அதாவது தோணியை நடத்திச் செல்லும் தலைவர்.

"இந்தத் தடவ லோடு சாஸ்தியாம். திட்டு தாண்டணுமேன்னு அண்ணன் கணக்குப் பாத்துட்டு இருக்கு. கொரைரா சார் தாள்ல போட்டிருக்கதுக்கு மேல ஒரு சாண் கூட்டிப் பாத்தாச் சரியா வந்துரும்னு சொல்லுது."

அது ஊருக்கே தெரிந்த வழக்கம். தண்டல்கள் அனைவரும் எங்கள் அட்டவணையோடு ஒரு சாண் கூட்டிக்கொள்வார்கள். இத்தனை வருடமாக அதை நான் படிப்பில்லாதவர்களின் மூடநம்பிக்கை என்றே நினைத்து வந்தேன், அவமானமாகவும் எடுத்துக்கொண்டேன். சாண் என்பது கிட்டத்தட்ட இருபது சென்டிமீட்டர்.

காபியை அடுப்பிலேயே விட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தேன்.

"நீங்க சத்தமில்லாம சரி பண்ணினா, அவங்க சத்தமில்லாம ஒரு சாண் கூட்டுவாங்க. திட்டுமேல இல்லாத தண்ணீரை இருக்குன்னு நம்பி லோடு ஏத்தின தோணியைக் கொண்டு வருவாங்க" என்றேன்.

அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் மடிக்கணினியை மூடிவிட்டார்.

"நோட்டீஸ் ஒட்டிடலாம்" என்றார். "புது அட்டவணைல கூட்ட வேண்டாம்னு."

"இத்தனை வருஷம் கூட்டினது சரியா இருந்தது. காரணம் சொல்லாம நிறுத்தச் சொன்னா யார் கேப்பாங்க? நானே கேக்க மாட்டேன்."

"காரணம் சொன்னா சார் தப்பு பண்ணினார்னு ஆயிடுமே."

"காபி பொங்குது" என்று எழுந்து போனேன்.

செப்டம்பர் 18, வியாழன்

நிலையத்தின் புதிய தலைவர் போனில் பேசினார். தேவையில்லாத குழப்பம் வேண்டாம், பெரியவர் பெயர் கெடக் கூடாது என்றார். குரலில் வெண்ணெய். அந்தப் பெயரைக் காப்பாற்ற அவரைவிட எனக்கு அதிகக் காரணம் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எட்மண்டின் படத்துக்குப் பூ மாற்றவில்லை. கனகாம்பரம் விலை அதிகம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பூசை முடிந்ததும் தண்டல்கள் துறைமுகக் கொட்டகையில் கூடுவார்கள். நீலப் புடவை கட்டிக்கொண்டு போனேன். பெண்கள் அங்கே போவதில்லை. பீடியை அணைத்தார்கள். ஒருவர் ஸ்டூல் போட்டார். ஆடியது. உட்காரவில்லை.

அழகர்ராஜா பின்னால் நின்றார். நான் வரச் சொல்லவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். அளவுகோல் இடம் மாறியது, ஒரு திருத்தம் சேர்க்க வேண்டியிருந்தது, நிரலில் அது சேராமல் போனது. நீங்கள் கூட்டிய சாண் அதுதான். ஒன்றாம் தேதி முதல் அட்டவணையே அதைக் கூட்டிக் கொடுக்கும், நீங்கள் கூட்டக் கூடாது.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சூசைமிக்கேல்தான் முதலில் பேசினார்.

"சார் தப்பு பண்ணுவாவளாம்மா?"

"பண்ணினார்."

"கோவிச்சுக்காதீய. எங்க அப்பா கூட்டுனாரு, நாங்க கூட்டுதோம். ஒரு நாளும் தட்டுனதில்ல. நீங்க திடீர்னு வந்து கூட்டாதங்கிறீய. உங்களுக்கு இதுல என்ன தெரியும்?"

நியாயமான கேள்வி. அவர் இடத்தில் நான் இருந்தாலும் கேட்டிருப்பேன். அவர் ஏற்றும் லோடு, அவரோடு போகும் ஆட்கள், எல்லாம் அந்தப் பதிலில் இருந்தது.

"அந்த அட்டவணையைப் போட்டது நான்" என்றேன். "கணக்கு முழுக்க என்னுது."

பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்: "அப்ப சார் என்ன போட்டாவ?"

"ஒரு வரி போட்டார். அதுதான் தப்பு."

சிரித்தார்கள். முதலில் ஒருவன், அப்புறம் எல்லாரும். இந்த ஊர் என் கணவரை நினைத்துச் சிரித்து நான் பார்த்ததில்லை. சூசைமிக்கேல் அதட்டி அடக்கினார். நான் அடக்கவில்லை.

"ஒன்னாந்தேதியில இருந்து சாண் கிடையாது. அப்படித்தான?" என்றார் சூசைமிக்கேல்.

"அப்படித்தான்."

"பாக்கலாம்" என்றார். சரி என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 24, புதன்

நிரலின் தலைப்பில் யார் பெயர் போடுவது என்று அழகர்ராஜா கேட்டார். எழுதினது லியோனோரா கொரைரா என்று சொன்னேன். அடுத்த வரியில், ஜெட்டித் திருத்தம் எட்மண்ட் கொரைரா என்று போடச் சொன்னேன். யாருடைய வேலையையும் மறைப்பது எனக்குப் பழக்கமில்லை.

"ஆன்ட்டி" என்று தொடங்கினார், என் முகத்தைப் பார்த்து "மிஸஸ் கொரைரா" என்று மாற்றிக்கொண்டார். "அந்த லியோனோர்ங்கிற பேரை மாத்திடவா? இப்ப அறுபத்து மூனு எழுத்து வரைக்கும் வைக்கலாம். புரியிற மாதிரி நீளமா வச்சிடலாம்."

"பேர் இருக்கட்டும். அது தசமம்னு மேலே அறிவிச்சிட்டா போதுமில்ல?"

"ஒரே வரி போதும்."

"அப்ப அந்த ஒரு வரியை எழுதுங்க."

எழுதினார். ஓட்டிப் பார்த்தார். எல்லா உயரமும் அந்த அளவு ஏறி வந்தது. புள்ளிக்கு முன்னால் சுழியும் இருந்தது. பெயரை விட்டுவைக்கச் சொன்னது வேலையை வளர்க்க வேண்டாம் என்பதற்காகத்தான்.

அக்டோபர் 2, வியாழன்

காலை ஓதத்தில் சூசைமிக்கேலின் தோணி புறப்படும் என்று ஞானதீபம் சொன்னாள். நான் பால் வாங்கத்தான் அந்தப் பக்கம் போனேன். பால் கடை துறைமுகத்துக்கு எதிர்த்திசையில் இருக்கிறது என்று ஞானதீபம் சொல்லத் தேவையில்லை.

அழகர்ராஜா ஏற்கெனவே அலைத்தடுப்புச் சுவர்மேல் நின்றுகொண்டிருந்தார். வணக்கம் வைத்தார்.

தோணி சரக்கோடு தாழ்ந்து வந்தது. திட்டுக்கு முன்னால் நின்றது. புதிய அட்டவணைப்படி தாண்டலாம், ஆனால் நின்றது. சூசைமிக்கேல் ஒரு சின்னப் படகை முன்னால் அனுப்பி நீளக் கம்பை விட்டுப் பார்க்கச் சொன்னார். திட்டின் மேல் நாலைந்து இடத்தில் விட்டுப் பார்த்தார்கள். அளந்தவன் கையை உயர்த்திக் காட்டினான். அதன் பிறகும் தண்டலே படகில் இறங்கிப் போய்த் தானும் ஒருமுறை கம்பை விட்டுப் பார்த்தார். அழகர்ராஜா நகத்தைக் கடித்தார். தட்டிவிட்டேன்.

தோணி தாண்டியது. எங்கும் உரசவில்லை.

சுவரைக் கடக்கும்போது சூசைமிக்கேல் கத்திச் சொன்னார்: "தாள்ல இருக்கதுதாம்மா இருக்கு. நான் நம்பல. அதான் பாத்தேன்."

"சரியாத்தான் செஞ்சீங்க" என்று நானும் கத்தினேன். தெருவில் சத்தம் போட்டுப் பேசுவது எனக்குப் பிடிக்காது.

அழகர்ராஜா பால் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு வீடு வரை வந்தார். அதில் பால் இல்லை என்பதை அவர் சொல்லவில்லை.

எட்மண்டின் படத்துக்குப் பூ வைத்தேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். சூசைமிக்கேல் என்னை நம்பவில்லை, கம்பு விட்டுப் பார்த்தார். நம்பாதவர்கள் விசாரித்துக்கொள்வார்கள், அதில் தவறில்லை. அந்த வரியை எழுதும்போது இவருக்கும் ஒரு சந்தேகம் வந்திருக்கலாம். எழுந்து வந்து கேட்டிருக்கலாம். நான் அடுத்த அறையில்தான் இருந்தேன்.